பனிக்கு முன் முடிக்க வேண்டியவை

வேலையிலிருந்து ஓய்வு பெற்று நீலகிரிக்கு வந்து குடியேறுகிறவர்கள் ஆறேழு மாதத்தில் சொல்லத் தொடங்கும் குறை ஒன்று உண்டு: பொழுது நகர மாட்டேன் என்கிறது. வந்த புதிதில், மேகம் வாசல்வரை வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடலாம். பிறகு மழை பிடித்துக்கொள்ளும். காலை நடைக்குப் போக முடியாது. தொலைக்காட்சியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? “வீட்டிலிருந்தே செய்ய ஏதாவது சொல்லுங்களேன் அம்மா” என்று கேட்பார்கள். இப்போது என்ன மாதம் நடக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஆனி என்றால் ஊசியும் உல்லனும் வாங்குங்கள். கார்த்திகை என்றால் பாத்திகளை மூடுவதற்கு மிலாறு சேர்த்து வையுங்கள். மாசி வெயிலில் வற்றல் போடலாம். வைகாசியில் பிளம்ஸ் பழுத்துவிடும், ஜாம் கிண்டுங்கள். “உங்களுக்கு எதில் ஆர்வம்?” என்று நான் யாரையும் கேட்பதில்லை. வயதான காலத்தில் ஆர்வத்தை நம்பி எதையும் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆர்வம் காலையில் இருக்கும், மாலையில் மூட்டுவலி வந்ததும் போய்விடும். பருவம் அப்படிப் போகாது. அது தன் தேதிக்கு வரும், தன் வேலையைக் கேட்கும், தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வைக்கும்.

என் வீடு கேத்திப் பள்ளத்தாக்கின் சரிவில், ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மணமாகி இங்கே வந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஆசிரியர்களுக்கு ஓய்வு என்றால் முதலில் உறைப்பது மணிச்சத்தம் நின்றுபோவதுதான். அடுத்த வகுப்பு எது என்று சொல்ல யாரும் இல்லை. அந்த மணியை எனக்குத் திரும்பக் கொடுத்தது இந்த மலையின் மழையும் பனியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பின்னல். குளிர் வந்தபிறகு ஸ்வெட்டர் பின்ன உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மார்கழியில் போட வேண்டிய ஸ்வெட்டரைத் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போதே தொடங்கிவிட வேண்டும். அந்த மழையின் முழு வேகமும் கூடலூர், அவலாஞ்சி பக்கம்தான். எங்கள் பக்கத்துக்குக் காற்றும் சாரலும் வரும். தோட்டத்தில் காலை வைக்க முடியாது, ஆனால் ஜன்னலோரம் வெளிச்சம் இருக்கும். பின்னலுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. நாலு இழை உல்லன், அடிப்பட்டைக்கு 12ஆம் எண் ஊசி, உடம்புக்கு 10ஆம் எண். எண் கூடக் கூட ஊசி மெல்லிசாகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பட்டைக்கு இரண்டு நேர், இரண்டு மறு என்று மாற்றி மாற்றிப் போட்டால் இழுத்துக் கொடுக்கும், விட்டால் சுருங்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். கை இதற்குப் பழகிவிட்டால் மின்சாரம் போன இரவிலும் பார்க்காமலே பின்னலாம். கண் மங்குகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது மங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

புது உல்லன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சிறிதாகிப்போன ஸ்வெட்டர் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும். பக்கத்துத் தையலை மட்டும் கத்தரியால் பிரித்துவிட்டு, கழுத்துப் பட்டையில் கடைசியாக முடிந்த இடத்தைத் தேடி எடுத்து இழுத்தால் வரிசை வரிசையாக அவிழ்ந்து வரும். அதை நாற்காலியின் முதுகில் கழியாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். நூல் அப்போது நெளிநெளியாக இருக்கும், அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒழுங்காக விழாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முறுக்கிப் பிழியாமல், கொடியில் தொங்கவிட்டு, கழியின் அடியில் ஏதாவது கனம் கட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் காய இரண்டு மூன்று நாள் ஆகும். நெளிவு போய்விட்டால் அந்த நூலை இன்னொரு குழந்தைக்குக் குல்லாவாகவும் மஃப்ளராகவும் ஆக்கலாம். என் மூத்த பேரனின் நீல ஸ்வெட்டர் அவன் தங்கைக்குக் கோடு போட்ட ஸ்வெட்டராகி, இப்போது இரண்டு ஜோடிக் காலுறைகளாக இருக்கிறது.

எண்ணிக்கொண்டே கையை ஓட்டும் வேலைக்கு மனத்தை நிறுத்தும் சக்தி இருக்கிறது. இங்கே தோடர் பெண்களின் பூவேலையைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலேற்றுவார்கள். துணியில் கோடு போட்டுக்கொள்வதில்லை, சட்டமும் கிடையாது. நெய்த இழைகளை எண்ணி எண்ணியே, துணியின் பின்பக்கத்திலிருந்து ஊசி போடுவார்கள். பூத்துக்குளி என்கிற அவர்களுடைய போர்வையை அலங்கரிப்பது அந்த வேலைதான். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. என் பின்னலை அதோடு சேர்த்துப் பேச மாட்டேன், அது தலைமுறை தலைமுறையாக வந்த கலை. ஆனால் அந்தப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து உதடசையாமல் எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தில் இருக்கும் நிம்மதியை எந்த மருந்துச் சீட்டிலும் எழுதித் தர முடியாது.

எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் இதே கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கும் மேல் கொட்டியது. மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து இறங்கின, உயிர்கள் போயின, சாலையும் ரயில் பாதையும் துண்டாயின. அதற்குப்பின் என் தோட்டத்தின் செங்குத்தான மேட்டைக் கொத்தவே விட்டதில்லை. காரட்டும் பீட்ரூட்டும் சமமான படிகளில்தான். மேட்டில் புல் வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளட்டும். மழைக்கு முன்னால் வாய்க்கால்களை வாரிவிடுவது தோட்ட வேலையிலேயே முக்கியமானது. பூ விதை வாங்கும் உற்சாகத்தில் அதை மறந்துவிடாதீர்கள்.

பிறகு பனி. முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. பகலில் வெயில் சுள்ளென்று அடித்து, மாலையில் மேகமே இல்லாமல் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்து, காற்றும் நின்றுவிட்டால் அன்றிரவு உறைபனி விழும். மேகம் இருந்தால் மண்ணின் சூடு மேலே போகாமல் தடுக்கும். மேகமில்லாத இரவில் அந்தச் சூடு முழுக்கப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஒரே தோட்டத்தில் மேல்படி அவரை பிழைக்கும், கீழ்ப்படி அவரை காலையில் வெந்த கீரை நிறத்தில் கிடக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவிலேயே நாற்றுகளைக் கோத்தகிரி மிலாறு வைத்துத்தான் மூடுகிறார்கள். வீட்டுக்கும் அதுவே போதும். கிடைக்காவிட்டால் சாக்கு போதும். விடியற்காலையில் வெயில் படுவதற்கு முன்னால் இலைகள்மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும்.

என் கணவர் இறந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். வந்த உறவினர்கள் போனபிறகு வீடு அமைதியாகிவிட்டது. எதையும் தொடவில்லை. ஊசியும் உல்லனும் கூடையிலேயே கிடந்தன, அடுப்பு மூட்டுவதே ஒரு நேரம்தான். மார்கழி பிறந்து சில நாளில், பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, ஒரு பெண் தலையில் ஒரு கட்டு மிலாறோடு வந்தாள். என்னைவிடச் சிறியவள். ஆறுதலாக எதுவும் பேசவில்லை. “அக்கா, வானம் தெளிஞ்சிருக்கு. இன்னைக்கு மூடலேன்னா காலைல ஒண்ணும் மிஞ்சாது” என்றாள். எழுந்து போனேன். அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, இருட்டும்வரை பட்டாணிப் பாத்திகளை மூடினோம். மறுநாள் விடிவதற்கு முன்னால் நானே எழுந்தேன், தண்ணீர் தெளிக்க வேண்டுமே. அதற்கடுத்த நாளும் எழுந்தேன். மனசு சரியில்லை என்று பனியிடம் சொல்ல முடியாது. அந்த மாதம் முழுவதும் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்தப் பாத்திகள்தான், அவளுக்கு நான் பட்டிருக்கும் கடன் தீராது.

அந்தக் குளிருக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவரையைக் கருக்கும் அதே குளிர் போதுமான அளவு கிடைத்தால்தான் பிளம்ஸ் மரம் ஒழுங்காகப் பூக்கும். இலையெல்லாம் உதிர்ந்து மரம் குச்சியாக நிற்கும்போதே கவாத்து செய்துவிட வேண்டும். ரோஜாவுக்கும் தை மாதக் கவாத்துதான். அப்போது வெட்டினால்தான் கோடை சீசனுக்குப் பூத்து நிற்கும்.

சமையலையும் இங்கே பருவம்தான் நடத்துகிறது. சமவெளியில் வற்றல் வடாம் கோடை வேலை. இங்கே சித்திரை, வைகாசியில் பிற்பகலானால் மழை வந்துவிடும், கூழ் வடாம் பூசணம் பூக்கும். தையிலும் மாசியிலும் காயும் வெயில்தான் எங்களுக்கு உகந்தது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. குக்கரில் ஒன்றிரண்டு விசில் கூட விட வேண்டும். மணமாகி வந்த புதிதில் எனக்கு இந்த ஊர்ச் சமையலைச் சொல்லிக்கொடுத்தது ஹட்டிப் பெண்கள்தான். மழை நாளில் ராகிக் களியும் பச்சை அவரைக் குழம்பும் போதும், வேறெதுவும் வேண்டாம்.

மார்கழியில் இட்லி மாவு பொங்குவதற்கு முழுதாக ஒரு நாள் பிடிக்கும். வெதுவெதுப்பான நீர் விட்டு அரையுங்கள், கையால் நன்றாகக் கலக்குங்கள், உப்பை மாவு பொங்கியபிறகு போடுங்கள். பாத்திரத்தை அடுப்புத் திண்ணையின் ஓரத்தில் வைத்து எதையாவது சுற்றி வையுங்கள். என் வீட்டில் மாவுப் பாத்திரத்துக்குச் சுற்றுவது அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டரைத்தான். முழங்கை இரண்டும் தேய்ந்துபோனது. அதை மட்டும் நான் பிரிக்கவில்லை.

மே மாதத்தில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கிறபோது வீடுகளிலும் பிளம்ஸ் பழுக்கத் தொடங்கிவிடும். பழுத்தால் மரத்தில் நிற்காது, உதிரும். ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை. எல்லாம் கனிந்த பழமாக இருந்தால் ஜாம் இறுகாது, கொஞ்சம் செங்காயும் சேருங்கள். தோலை எறியாதீர்கள், நிறம் அதில்தான். புத்தகத்தில் போட்டிருக்கும் வெப்ப அளவு இந்த உயரத்துக்குப் பொருந்தாது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்த்தால், மேலே சுருக்கம் விழ வேண்டும். ஆடி, ஆவணியில் நாட்டுப் பேரிக்காய் வரும். கடித்தால் பல் வலிக்கும் காய் அது. நறுக்கி வெல்லம் போட்டு வேகவைத்தால் அருமையான பச்சடி.

குளிருக்குக் கணப்பு மூட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரிக் கணப்பைக் கதவு ஜன்னல் சாத்திய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மலை ஊர்களில் இப்படிப் போனவர்கள் உண்டு. கம்பளியைக் கூட ஒன்று போர்த்திக்கொள்ளுங்கள், கணப்பை வெளியே வைத்துவிடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று இன்னும் தயங்குகிறவர்களுக்கு நான் மேரக்காயைத்தான் சொல்வேன். சமவெளியில் சௌசௌ என்பார்கள். விதையைத் தனியாக எடுக்க வேண்டியதில்லை. முளைவிட்ட முழுக்காயைச் சாய்வாக வைத்துப் பாதி மண்ணில் புதைத்தால் கொடி கிளம்பிவிடும். ஐந்து மாதத்தில் காய்க்கத் தொடங்கும். அப்புறம் ஒரு வீட்டில் சமைத்துத் தீராது, தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தொடங்குவீர்கள். உறைபனியில் கொடி கருகிவிட்டால் தோண்டி எறிந்துவிடாதீர்கள், வேர் மறுபடி துளிர்க்கும். என் வீட்டுச் சமையலறை மூலையில் முளைவிட்ட காய்கள் எப்போதும் இருக்கும். சித்திரையில் நல்ல மழை இரண்டு விழுந்ததும் வந்து ஆளுக்கு இரண்டு எடுத்துப் போங்கள். பந்தல்கால்களை மட்டும் அதற்குள் ஊன்றி வைத்திருங்கள்.