காகிதத்தில் ஓர் அன்-2

காகிதம் ஒரு திசையில் வளையும். வளைந்த அதே இடத்தில் இன்னொரு திசையிலும் வளைக்கப் பார்த்தால் கசங்கும், இல்லையேல் கிழியும். உருளையும் கூம்பும் அதற்குக் கைவந்த வடிவங்கள், கோளம் கைவராது. ஆகவே காகிதத்தில் ஒரு விமானத்தை அடியிலிருந்து வடிவமைக்க இறங்குபவர், அந்த விமானத்தின் மேற்பரப்பில் எவ்வளவு பகுதியைத் தட்டையான தாளாக விரிக்க முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேகத்துக்காக இழைத்து இழைத்து உருவான போர் விமானங்களில், இறக்கையும் உடலும் சேரும் இடமெல்லாம் இரண்டு பக்கமும் குழைந்து வளைந்திருக்கும். வயலுக்கு மருந்து தெளிக்கும் இரட்டை இறக்கை விமானம் அப்படியல்ல. மெதுவாகப் பறக்க வேண்டும், சின்னத் திடலில் இறங்கி ஏற வேண்டும், பழுதானால் அங்கேயே சரிசெய்துகொள்ள வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான். அதனால் அதன் இறக்கை நெடுகிலும் பெரும்பாலும் ஒரே அகலம். உடல், வளைத்த தகடுகளைச் சட்டத்தின்மேல் பொருத்திய கூண்டு. காகிதம் இந்த விமானத்தை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறது.

இந்த இனத்தில், வடிவமைக்கக் கற்றுக்கொள்ள அன்-2 போல வாய்ப்பான விமானம் வேறில்லை. சோவியத் ஒன்றியத்தின் வேளாண்மை, வனத் தேவைகளை மனத்தில் வைத்து ஓலெக் அன்டோனோவின் குழு உருவாக்கிய அது, 1947 ஆகஸ்ட் 31 அன்று முதன்முதலாகப் பறந்தது. கீவ் நகரில் தொடங்கிய தயாரிப்பு 1960 முதல் போலந்தின் மியெலெட்ஸ் தொழிற்சாலைக்குச் சென்றது. சீனாவும் ஒய்-5 என்ற பெயரில் அதைத் தயாரித்தது. எல்லாம் சேர்ந்து 18,000-க்கும் மேல். காகித மாதிரிக் கலை வேரூன்றி வளர்ந்த நாடுகளில் போலந்து முன்னணியில் நிற்பதும் இங்கே நினைக்கத் தக்கது. 1957-இல் அங்கே தொடங்கிய ‘மாவி மோடெலாஷ்’ என்ற இதழ், வெட்டி ஒட்டத்தக்க விமானங்களையும் கப்பல்களையும் மலிவு விலையில் பிள்ளைகளின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. காகித விமானங்களுக்கு 1:33 என்ற அளவுவிகிதம் வழக்கமாக நிலைத்ததில் அந்த இதழுக்குப் பெரும் பங்கு உண்டு.

1:33 என்ற விகிதம் அன்-2-க்கு வெகு பொருத்தம். மேல் இறக்கையின் முழு நீளம் 18.18 மீட்டர், 33-ஆல் வகுத்தால் 55.1 செ.மீ. பாதி இறக்கை 27.5 செ.மீ. இறக்கையின் அகலம் 2.4 மீட்டர், அதாவது மாதிரியில் 7.3 செ.மீ. மேல்பரப்பும் கீழ்ப்பரப்பும் ஒரே துண்டாக முன்விளிம்பில் வளைந்து திரும்பினால் ஏறக்குறைய 15 செ.மீ. அகலம் வேண்டும். 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் கொண்ட ஏ4 தாளில் பாதி இறக்கை முழுசாக அடங்கிவிடுகிறது. நடுவில் ஒட்டு விழ வேண்டியதில்லை. விகிதத்தை 1:25 ஆக்கினால் பாதி இறக்கையே 36 செ.மீ. தாண்டிவிடும். 1:50-க்குச் சுருக்கினால் தாள் மிச்சம்தான், ஆனால் இறக்கைகளைத் தாங்கும் தூணும் வால்சக்கரமும் விரலுக்குப் பிடிபடாத அளவுக்குச் சிறுத்துப்போகும்.

அடுத்தது அளவு திரட்டும் வேலை. பொறுமை இல்லாதவர் இங்கேயே வழுக்கி விழுவார். அன்-2-இன் நீளம் என்ன என்று தேடினால் ஒரு நூலில் 12.40 மீட்டர் என்றும் இன்னொன்றில் 12.74 மீட்டர் என்றும் இருக்கும். இரண்டுமே சரி. வால்சக்கரம் தரையில் ஊன்றி, மூக்கு மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும்போது தரையின் போக்கில் அளந்தால் 12.40, வாலைத் தூக்கி உடலைக் கிடையாக வைத்து அளந்தால் 12.74. மாதிரியில் இது ஒரு செ.மீ. வேறுபாடு. உடலின் விரிப்புகளை வரைய வேண்டியது 12.74-ஐக் கொண்டுதான். உயரத்துக்கும் இதே கதை: வால் தாழ்ந்திருக்கையில் 4 மீட்டர், தூக்கியிருக்கையில் 6.1 மீட்டர். எந்த எண்ணையும் அது எந்த நிலையில் அளந்தது என்று தெரியாமல் வரைபடத்தில் ஏற்றக் கூடாது. மூன்று பக்கத் தோற்றம் காட்டும் படங்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. பக்கத் தோற்றத்தில் உள்ள சன்னலும் மேல் தோற்றத்தில் உள்ள சன்னலும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று அடிக்கோல் வைத்துப் பார்த்தாலே படத்தின் தரம் தெரிந்துவிடும். ஐயம் வந்தால் தொலைவில் நின்று எடுத்த ஒளிப்படமே நல்ல சாட்சி. அருகில் நின்று எடுத்த படத்தில் மூக்கு பெருத்து வால் சிறுத்துவிடும்.

அளவுகள் ஒத்துப்போன பிறகு உடலைக் குறுக்கே நறுக்கிப் பார்க்கும் வேலை. அன்-2-இன் உடல் மூன்று விதமான குறுக்குவெட்டுகளால் ஆனது. விமானி அறைக்கு முன்பகுதி வட்டம், சரக்கு அறை மூலை மழுங்கிய செவ்வகம், வால்பகுதி நீள்வட்டம். ஒவ்வொரு வெட்டுக்கும் 1 மி.மீ. அட்டையில் ஒரு குறுக்குச் சட்டம். அவற்றையெல்லாம் கோக்க நெடுகே ஒரு நடுச்சட்டம். வட்டம் செவ்வகமாக மாறும் துண்டுதான் இந்த உடலின் சுவையான பகுதி. குளிர்பதன வேலைக்குத் தகரக் குழாய் செய்கிறவர்கள் வட்டக் குழாயைச் சதுரக் குழாயோடு இணைக்கும்போது செய்வதுதான் இங்கும்: செவ்வகத்தின் நான்கு பக்கங்களிலிருந்து நான்கு தட்டை முக்கோணங்கள் வட்டத்தை நோக்கிச் செல்லும்; நான்கு மூலைகளிலிருந்து கூம்பின் துண்டுகள் விசிறிபோலப் பரவும். ஒவ்வொரு விசிறியையும் ஏழெட்டு ஒல்லி முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மூன்று பக்கங்களின் உண்மை நீளத்தையும் கண்டு, காம்பஸால் தாளில் அடுத்தடுத்து வரைந்தால் விரிப்பு கிடைத்துவிடும்.

இன்று பிளெண்டர் போன்ற மென்பொருளில் முப்பரிமாண உருவம் செய்து, பெப்பகுராவில் விரித்து, இங்க்ஸ்கேப்பில் கோடுகளைச் சீராக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனாலும் ஒருமுறையாவது கையால் விரித்துப் பழகியவருக்கே கணினி தரும் விரிப்பில் எது தவறு என்று கண்ணுக்குப் படும். மென்பொருள் காகிதத்தைத் தடிமன் இல்லாத பரப்பாகவே எண்ணுகிறது. 160 ஜி.எஸ்.எம். தாளின் தடிமன் ஏறக்குறைய 0.2 மி.மீ. 48 மி.மீ. விட்டமுள்ள சட்டத்தின்மேல் அதைச் சுற்றினால், தாளின் நடுப்பரப்பு 48.2 மி.மீ. விட்டத்தில் போகிறது. சுற்றளவு 150.8-இலிருந்து 151.4 மி.மீ. ஆகிறது, 0.6 மி.மீ. கூடுதல். இந்தக் கூடுதல் விட்டத்தைப் பொறுத்ததல்ல. பெரிய உடலுக்கும் அதே 0.6, பென்சில் பருமனான குழாய்க்கும் அதே 0.6. சட்டத்தின் விட்டத்தை ஒரு தாளின் தடிமன் அளவுக்குச் சிறிதாக்குவதோ, தாளை அந்த 0.6 மி.மீ. அளவுக்கு நீட்டுவதோ, ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் வயிற்றுப்புறத்து இணைப்பில் வெள்ளைக் கோடாக ஒரு சந்து தெரியும்.

எஞ்சினைப் போர்த்தும் உறை காகிதத்துக்குப் பகையான இடம். அதன் முன்விளிம்பு இரண்டு திசையிலும் வளைந்தது. அதைக் குறுகலான கூம்பு வளையங்களாகப் பிரிப்பதே வழி. காட்டாக, ஒரு வளையத்தின் பெரிய விட்டம் 48 மி.மீ., சிறிய விட்டம் 42 மி.மீ., இரண்டுக்கும் இடையே அச்சின் போக்கில் 3 மி.மீ. என்று கொண்டால் சாய்வு சரியாக 45 பாகை. விரிப்பின் வெளி ஆரம் 33.9 மி.மீ., உள் ஆரம் 29.7 மி.மீ., விரிகோணம் 254.6 பாகை. இப்படி மூன்று வளையங்கள் போட்டு, ஒட்டிய பின் விளிம்புகளை மழுங்கிய குச்சியால் நீவிவிட்டால் வட்டம் உருண்டு நிற்கும். வளையங்களை ஐந்தாக்கினால் உருட்சி கூடும், ஒட்டுகளும் கூடும், மூன்றே போதும்.

உறைக்குள் இருப்பது ஏ.எஸ்.எச்-62 ஐ.ஆர். எஞ்சின். ஒன்பது சிலிண்டர்கள் நட்சத்திரமாகப் பரவிய, 1,000 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அது. அதன் விட்டம் 1.38 மீட்டர், மாதிரியில் 42 மி.மீ. சிலிண்டர்கள் 40 பாகைக்கு ஒன்று. முன்பக்கம் திறந்திருப்பதால் எல்லாம் வெளியே தெரியும்; மறைக்க வழியில்லை. ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரு சிறு குழாயாகச் சுருட்டி, குளிர்விக்கும் தகடுகளைக் கோடுகளாக அச்சிடுவது எளிய வழி. நூலைச் சுற்றித் தகடுகளைக் காட்டுவோரும் உண்டு. வடிவமைப்பாளர் எளிய வழியை முதன்மையாகவும் மற்றதை விருப்பத் துண்டாகவும் தருவது முறை. எஞ்சினிலேயே களைத்துப்போய்க் கைவிடப்பட்ட மாதிரிகள் ஏராளம்.

இறக்கைக்கு வருவோம். அன்-2-இன் இறக்கைத் தடிமன் அகலத்தில் 14 விழுக்காடு. மாதிரியில் நன்றாகப் பருத்த இடத்தில் ஒரு செ.மீ. வேரிலிருந்து நுனிவரை மாறாத வெட்டு என்பதால் ஓர் இறக்கைக்கு ஒரே விலாவை வரைந்து நகலெடுத்தாலே போதும். நெடுகே இரண்டு உத்திரங்கள், குறுக்கே விலாக்கள், மேலே ஒரு போர்வை. போர்வையை ஒட்டுவதற்கு முன்பே முன்விளிம்பைப் பென்சிலின்மேல் உருட்டிவைக்க வேண்டும். கூர்மையாக மடித்துவிட்டால் அந்த இறக்கை கெட்டது. தாளின் இழையோட்டமும் இங்கே பார்க்க வேண்டியது. ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். இறக்கையையும் நீளவாக்கில் அடுக்கினால் முன்விளிம்பு இழையோடு இணையாக அமைந்து மடிப்பு உடையாமல் உருளும். நுனி மட்டும் வட்டமாக முடிவதால் அங்கே ஆப்பு வடிவில் நாலைந்து வெட்டுகள் தேவை. முன் உத்திரம் வரை உலோகத் தகடு, அதற்குப் பின்னே துணி என்பது நிஜ விமானத்தின் அமைப்பு. முன்பகுதியில் தகட்டு இணைப்புகளை மெல்லிய கோடாகவும், பின்பகுதியில் விலாவுக்கு விலா துணி சற்றே தாழ்வதை மங்கிய நிழலாகவும் காட்டினால் கண் அதைத் துணியென்றே எடுத்துக்கொள்ளும். இரவல் படங்களில் இந்த வேறுபாடு விட்டுப்போயிருப்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அந்த விமானத்தின் தோலே அதுதான்.

இரண்டு இறக்கைகளையும் ஒன்றுக்கொன்று சரியாக நிறுத்துவதில்தான் இரட்டை இறக்கை மாதிரி வாழ்வதும் வீழ்வதும். கீழ் இறக்கை 14.24 மீட்டர், மாதிரியில் 43.2 செ.மீ.; மேலே உள்ளதைவிடக் குட்டை. இரண்டுமே நுனியை நோக்கிச் சற்றே உயர்கின்றன. இந்த உயர்வை ஒட்டுகிறவரின் கண்மதிப்புக்கு விடக் கூடாது. இறக்கை உத்திரங்களின் வேர்முனை உடலின் குறுக்குச் சட்டத்தில் வெட்டிய பிளவுக்குள் நுழைந்து மறுபக்கத்து உத்திரத்தோடு முட்ட வேண்டும்; கோணத்தைப் பிளவே தீர்மானித்துவிடும். பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் தூணை மூன்று அடுக்கு அட்டையில் செய்து, அதன் இரு நுனிகளிலும் சிறு நாக்குகள் விட்டு, இறக்கைப் போர்வையில் அதற்கான பொந்துகளை வரைந்துவிட்டால் இடம் தவறாது. தூணுக்கும் உடலுக்கும் நடுவே குறுக்காக ஓடும் இழுவைக் கம்பிகளுக்கு மெல்லிய எலாஸ்டிக் நூல் நல்லது. தாள் ஈரப்பதத்தில் ஊதிச் சுருங்கினாலும் நூல் தொய்யாது. நூல் நுழையும் புள்ளிகளை அச்சிலேயே குறித்துக்கொடுக்க வேண்டும்.

இனி, இதை வயல் விமானமாக்கும் சாமான்கள். அன்-2 ஆர் என்ற வேளாண் வகையில் ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் மருந்துத் தொட்டி சரக்கு அறைக்குள்ளேயே இருக்கும். வெளியே தெரிவது முதுகில் உள்ள நிரப்பு மூடி, வயிற்றின் கீழ் காற்றால் சுழலும் சிறு காற்றாடியோடு கூடிய பம்பு, கீழ் இறக்கையை ஒட்டி நீளும் தெளிப்புக் குழாய். தூள் தூவுவதற்குக் குழாய்க்குப் பதில் வயிற்றடியில் விசிறிபோல் விரியும் பெட்டி. தெளிப்புக் குழாயைக் காகிதத்தில் சுருட்டுவது வீண் முயற்சி, ஒரு மி.மீ. கம்பியில் செய்து, நுண்குழல்களை நூல் முடிச்சுகளாகப் போடச் சொல்லலாம். சுமந்து நிற்கும் கொக்கிகள் மட்டும் காகிதத்தில். தூள் பெட்டி முழுக்கவும் தட்டைப் பக்கங்களால் ஆனது. புதிதாகக் கற்பவர் இந்த விமானத்தில் முதலில் செய்துபார்க்கத் தக்க துண்டு இதுவே.

வண்ணம் கடைசியில்தான். அதற்கு முன் வெள்ளைத் தாளில் ஒரு முழு மாதிரியை ஒட்டிப் பார்க்க வேண்டும். பொருந்தாத விளிம்பில் பென்சிலால் எவ்வளவு மிச்சம், எவ்வளவு குறை என்று எழுதி, அந்த எண்ணை நேராக வரைபடத்தில் ஏற்றலாம். எஞ்சின் புகை வலப்பக்கக் குழாய் வழியே வெளியேறுவதால் அந்தப் பக்கத்து அடிவயிறு கறுத்திருக்கும். மருந்து படிந்த வெளிறல் தெளிப்பான்களுக்குப் பின்னால். இரண்டையும் மிதமாகக் காட்டினால் போதும். துண்டுகளின் எண்கள் ஒட்டும் வரிசையிலேயே அமைய வேண்டும். அட்டையில் ஒட்டி வெட்ட வேண்டியவை, உள்ளே மடிப்பவை, வெளியே மடிப்பவை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறி வேண்டும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மி.மீ. அளவுகோல் ஒன்றை அச்சிட்டுவிட்டால், பிரிண்டர் படத்தைச் சுருக்கிவிட்டதா என்பதைக் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே அளந்து தெரிந்துகொள்ளலாம்.