எனக்கு வரவேண்டியது

ஐம்பத்திரண்டு கடதாசியிலிருந்து இரண்டை எடுக்க 1326 வழிகள் உண்டு. அதில் ஆறு வழிகளில் மட்டும்தான் இரண்டும் ஆசாக வரும். அதாவது 221 தடவைக்கு ஒரு தடவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்த எனக்கு, படித்ததில் மிஞ்சியது இப்படியான கணக்குகள்தான். அன்றைக்கு அதுவும் உதவவில்லை.

2014 ஐப்பசி. நியூ ஜேர்சியில் எடிசன், ஓக் றீ வீதிப் பக்கம் ஒரு றெஸ்ரோறண்ட் குசினியில் வேலை. கோப்பை கழுவலில் தொடங்கி, வெங்காயம் உரித்து, தோசைக்கல்லுக்குப் பதவி உயர்வு பெற்றிருந்தேன். திங்கட்கிழமை கடை பூட்டு. என்னோடு வேலைசெய்த அண்ணை ஒருவர் காலமை வந்து கதவைத் தட்டுவார்.

"வாடா தம்பி, அற்லாண்டிக் சிற்றிக்குப் போவம். கடலையாவது பாத்திட்டு வரலாம்."

ஒருநாளும் நாங்கள் கடலைப் பார்த்ததில்லை. பஸ்ஸால் இறங்கினால் நேரே உள்ளேதான்.

அந்த ஊரில் கசினோ வைக்க 1976இல் சனங்கள் வாக்களித்தார்கள். 1978இல் முதலாவது திறந்தது. போக்கர் விளையாட அனுமதி கிடைத்தது 1993இல்தான். நான் போய்வந்த 2014இலோ ஒரே வருடத்தில் நான்கு கசினோக்கள் பூட்டப்பட்டன. மரப்பலகை நடைபாதை ஓரம் அந்தப் பெரிய கட்டடங்கள் வெளிச்சமில்லாமல் நின்றன. ஊரில் வீட்டுக்காரர் எழும்பிப்போன கல்வீடுகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

நாங்கள் ஊரடங்கு நேரங்களில் 304 விளையாடி வளர்ந்த ஆட்கள். நாலு பேர் விளையாடினால் முப்பத்திரண்டு கடதாசியும் பிரிபட்டுவிடும். எது விழுந்தது, எது யாரிடம் இருக்கிறது என்று நினைவு வைத்திருக்கிறவன் பெரும்பாலும் வெல்வான். போக்கரில் அப்படியில்லை. பாதிக்கு மேற்பட்ட கடதாசிகளை யாரும் காண்பதேயில்லை. சரியாக விளையாடினவன் தோற்பான், பிழையாக விளையாடினவன் அள்ளிக்கொண்டு போவான். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் போனபிறகுதான் கெட்டித்தனம் காசாகத் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தது தலையோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்கு இரண்டு ஆசு வந்தது. முன்னாலிருந்த காசு முழுவதையும் தள்ளினேன். எதிரே வயதுபோன ஒரு மனுசி, பின்னற்சட்டை போட்டவ, கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தா. அவவிடம் இருந்தது ஆட்டின் ஐந்தும் ஆறும். இப்படியான கைக்கு எதிராக ஆசு இரண்டும் ஏறத்தாழ நாலு தடவைக்கு ஒரு தடவை தோற்கும். தோற்றது. மேசையில் மூன்று ஆட்டின் விழுந்தது.

நான் எழும்பி நின்று கத்தினேன். "உனக்கு விளையாடத் தெரியுமா? இந்தக் கடதாசியோடை ஆரும் வருவினமா?" என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் அது இன்னும் கேவலமாக இருந்திருக்கும். மனுசி வில்லைகளை அடுக்கிக்கொண்டே, "பார்க்க வடிவாயிருந்தது" என்றா. கடதாசி போடுகிறவர் "சேர்" என்று ஒரே ஒருதரம் சொன்னார்.

கத்தியதோடு விட்டிருந்தால் முந்நூறு டொலரோடு போயிருக்கும். பொக்கற்றில் இன்னும் ஐந்நூறு இருந்தது. அதையும் எடுத்து வைத்து, வந்த கை எல்லாவற்றையும் விளையாடினேன். அந்த மனுசியிடம் போனது என்னுடைய காசு, அதைத் திருப்பி எடுக்கவேண்டும் என்பது தவிர வேறு நினைப்பில்லை. போக்கர்காரர் இதை ரில்ற் என்பார்கள். பின்போல் மெஷினைப் பிடித்து உலுக்கினால் அது வேலைசெய்யாமல் நின்றுவிடுமே, அதிலிருந்து வந்த சொல்.

இதைப் பேராசை என்று சொல்லுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பேராசைக்காரனுக்குத் தான் கூடக் கேட்பது தெரியும். நான் கூட எதுவும் கேட்கவில்லை, எனக்கு வரவேண்டியதைத்தான் கேட்டேன். விட்ட படிப்பு, ஏஜென்சிக்குக் கட்டிய காசு, விசாரணைக்குத் திகதி வருமென்று காத்திருந்த வருடங்கள் எல்லாம் சேர்ந்து என்னிடம் ஒரு பெரிய பில் இருந்தது. அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் ஒரு கிழவியிடம் நீட்டியிருக்கிறேன். தருமனும் தான் நல்லவன், ஆகவே காய் அடுத்தமுறை தன்பக்கம் விழத்தானே வேண்டும் என்று நினைத்திருப்பானோ என்னவோ.

பெரிய ஆட்களுக்கும் இந்த வியாதி உண்டு. பில் ஹெல்முத் 1989இல் 24 வயதில் உலகப் போட்டியில் வென்றவர். தோற்றால் எதிராளியை ஏசுகிற ஏச்சுக்கே பேர்போனவர். ஆனால் 2023இல் தன்னுடைய 17ஆவது காப்பையும் வாங்கிவிட்டார். அவரைப் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு அவருடைய ஏச்சு வருகிறது, ஆட்டம் வருவதில்லை. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 838 பேரை முந்தி 25 இலட்சம் டொலர் வென்றபிறகு மேசைகளில் புதுச்சனம் நிறைந்தது. பழைய ஆட்களில் பலர் சந்தோசப்படாமல், "இவங்களுக்கு விளையாடத் தெரியாது" என்று புறுபுறுத்தார்கள். தெரியாதவன் வந்தால்தானே தெரிந்தவனுக்குச் சாப்பாடு?

எனக்குப் பிடித்த ஆள் பில் ஐவி. எங்கள் பக்கத்து ஊர் நியூ பிரன்ஸ்விக்கில் தொலைபேசி விற்பனை வேலை செய்தவர். வயது போதாமல், ஜெரோம் என்ற வேறொரு பெயரிலுள்ள அடையாள அட்டையோடு அற்லாண்டிக் சிற்றியில் விளையாடினாராம். வேறொருவன் பெயரில் எல்லை கடந்த எங்களுக்கு அது விளங்கும். வென்றாலும் தோற்றாலும் மேசையில் அவருடைய முகம் ஒன்றுதான்.

வெளியே வந்து நின்றபோது, கடதாசி போட்ட அந்த மனிதரும் சிகரெட் பிடிக்க வந்தார். சில்ஹெற்றைச் சேர்ந்த வங்காளி. அவர் முன்பு வேலைசெய்த கசினோவும் அந்த வருடம் பூட்டப்பட்டதுதான். பதினாறு வருட வேலை. "அந்த அம்மாவும் அங்கேதான், அறை துப்புரவாக்கினவர்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த எண்ணூறு டொலர் தங்கச்சிக்கு அனுப்ப வைத்திருந்தது. அத்தான் 2009இல் காணாமற்போனபிறகு, மானிப்பாயில் தையல்கடை ஒன்று எடுக்க முற்பணம் கேட்டிருந்தாள். இரவு எடுத்து, பாங்கில் ஏதோ பிழை என்று பொய் சொன்னேன்.

"பரவாயில்லை அண்ணா. உங்களுக்கு அங்கை எவ்வளவு கஸ்ரமோ. அடுத்த மாசம் ஏலுமெண்டால் பாருங்கோ" என்றாள்.

அடுத்த மாதமும் ஏலவில்லை. தையில்தான் அனுப்பினேன். அதற்குள் அந்தக் கடையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.