இன்னொரு ஜார்ஜ் டவுன்

"ஜார்ஜ் டவுனுக்குப் போகிறேன்" என்று நான் வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம். "அப்படியே எனக்கு அரை டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்கிண்டு வந்துடேன்!" என்றாள் பக்கத்து வீட்டு மாமி. பாரிமுனைக்குப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவம்! நான் சொன்னது மலேசியாவில், பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். நம் சென்னைப் பேட்டைக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். அந்த ஊருக்கு அவருடைய முன்னோரான மூன்றாம் ஜார்ஜின் பெயர். 1786-ல் பிரான்ஸிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் உண்டாக்கிய துறைமுகப் பட்டணம் அது.

அங்கே ஒரு வீதியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் சற்று நடந்தால் போதும், அத்தனை தெய்வங்களையும் சேவித்துவிடலாம். 1818-ல் கட்டிய மாதா கோயில் அல்லாத ஆங்கிலேயர் சர்ச் ஒன்று. கருணைத் தேவி குவான் யின்னுக்குச் சீனர் கோயில். 1833-ல் எழுந்த நம் மகாமாரியம்மன் கோயில். தமிழ் முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் 1801-ல் ஸ்தாபித்த கப்பித்தான் கேளிங் பள்ளிவாசல். தைப்பூசத்தன்று முருகனின் வெள்ளி ரதம் புறப்பட்டால், வழி நெடுகச் சீனர்களும் மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைக்கிறார்கள். 1894-லிருந்து ஓடுகிற ரதம் அது.

மாரியம்மன் கோயிலருகில் ஒரு தமிழ்ப் பெண்மணி பூக்கடை வைத்திருந்தாள். "ஊர்லேருந்து வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் வேண்டாமென்றும் கேளாமல் ஒரு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டாள். அதே கையால் சாமந்தியைக் கட்டிக் குவான் யின் கோயிலுக்குப் போகும் சீனப் பாட்டிக்கும் கொடுத்தாள்.

இந்த ஊர்க் கலைகளின் சூட்சுமமே அதுதான். ஒருவர் தொழில் இன்னொருவர் விசேஷத்தை நம்பியிருக்கிறது. சீனக் குலத்தார் தங்கள் முன்னோருக்கென்று கட்டிய மண்டபங்களைக் 'கொங்சி' என்கிறார்கள். 1906-ல் கட்டி முடித்த கூ கொங்சியைப் பார்த்தால், அடேயப்பா, அரண்மனைதான்! அதற்கு நேர் எதிரே நாடக மேடை. தெய்வத்துக்குத்தான் முதல் வரிசை டிக்கெட்! கோயில் திருவிழா என்றால் 'பொத்தேஹி' என்னும் கையுறைப் பொம்மலாட்டம் உண்டு. ஊதுபத்தி உருட்டுகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர், பிரம்பு முடைகிறவர், சொங்கோக் தொப்பி தைக்கிறவர், நியோனியா மாதர்களுக்கு மணி கோத்துச் செருப்புச் செய்கிறவர் எல்லாரும் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இந்தத் தெருக்களில்தான் இருந்தார்கள்.

"இருந்தார்கள்" என்று எழுதும்போது கை தயங்குகிறது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை அவர்களுக்குக் கவலையில்லை. 1997-ல் அதை ரத்து செய்தார்கள். 1999 முடிந்ததோடு பாதுகாப்பும் போயிற்று. வாடகை ஏறியது. குடும்பங்கள் மூட்டை கட்டின.

ஊர் சும்மா இருக்கவில்லை. 1986-லேயே தோன்றிய பினாங்குப் பாரம்பரிய அறக்கட்டளை, 2005-லிருந்து வயது முதிர்ந்த கைவினைஞர்களுக்கு 'வாழும் செல்வங்கள்' என்று விருது கொடுத்துக் கௌரவித்தது. 1999-ல் தொடங்கிய 'ஆர்ட்ஸ்-எட்' என்ற அமைப்பு, பள்ளிப் பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துவந்து, அங்குள்ள தொழிலாளிகளையே வாத்தியார்களாக்கியது. 'ஓம்பாக் பொத்தேஹி' என்ற இளைஞர் குழு, பழைய பொம்மலாட்டக்காரர்களிடம் பாடம் கேட்டு ஆடிக்காட்டுகிறது. 2008 ஜூலை 7-ல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி கோயிலும் பள்ளிவாசலும் கொங்சியும் சேர்ந்து விழா எடுக்கின்றன. ஒரு சங்கத்துக்கு இடம் உண்டு, இன்னொன்றுக்கு ஆள் உண்டு, மூன்றாவதற்கு வித்தை உண்டு. கூட்டுக் குடும்பம் மாதிரிதான்!

2010-ல் கலைவிழா வந்தது. 2012-ல் எர்னெஸ்ட் ஸகரேவிச் என்ற ஓவியர் ஆர்மீனியன் தெருச் சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து, அவர்கள் ஏறிக்கொள்ள நிஜ சைக்கிளையே பதித்துவைத்தார். 2014-ல் ஒரு பழைய பஸ் டிப்போ ஓவியக்கூடமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கைவினைச் சந்தை.

அந்தச் சைக்கிளோடு படம் எடுத்துக்கொள்ள நானும் வரிசையில் நின்றேன். பொய் சொல்வானேன்? ஆனால் நின்றிருந்த நேரத்தில் ஒரு நிஜக் குழந்தைகூட அந்தத் தெருவில் சைக்கிள் விட்டுக்கொண்டு வரவில்லை.

பூக்காரப் பெண்மணியிடம் இதைச் சொன்னேன். எதிர் மாடியைக் காட்டினாள். "முன்னே அந்த ஜன்னல்லே மூங்கில் கழியில் துணி காயும்மா. இப்போ ஓட்டல். ராத்திரி பூரா விளக்கு எரியுது. பார்க்க அழகாத்தான் இருக்கு. நான் ஆயர் ஈத்தாமிலேருந்து பஸ் பிடிச்சு வரேன். பழைய வாடிக்கைக்காரங்களும் பஸ்ஸிலே வராங்க. எத்தனை நாளைக்கு வருவாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இடிந்த சுவருக்குக் கொத்தனார் கிடைப்பார். கலைந்துபோன அக்கம்பக்கத்தைக் கட்டித்தர யாரிடம் போவது? அந்தச் சங்கங்கள் கைகோத்து நிற்பதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊர் திரும்பியதும் மாமி மறக்காமல், "டம்ளர் எங்கே?" என்றாள். மறுநாளே நம் ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். பேரம் முடித்துக் கடையைவிட்டு இறங்கியபோது, என்றுமில்லாத வழக்கமாக அண்ணாந்து பார்த்தேன். மாடிக் கொடியில் ஒரு கண்டாங்கிப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. மனசுக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.