சிங்கப் பிரபுவின் ஊரில்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஜெர்மனி தேசத்துக்குப் போய்வரும் வாய்ப்பு அடியேனுக்குக் கிட்டியது. திரும்பி வந்த பின் சங்கக் கூட்டத்தில் அன்பர்கள் சிலர், பார்த்தவற்றை நம் மாத இதழுக்கு எழுதித் தர வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். சரித்திரம் எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் ஓர் ஊரையும், அவ்வூரைத் தம் தலைநகராக்கிய ஒரு பிரபுவையும், அவருடைய வமிசத்தையும் பற்றி அங்கே கண்டதையும் படித்ததையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் போனது ஊர் பார்ப்பதற்காக அன்று. என் மனைவியின் தம்பி எட்டு ஆண்டுகளாக அங்கே எஞ்சினியராக இருக்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மாமனார் காலமானார். அதன் பிறகு மாமியார் கல்யாணில் எங்களோடு வந்துவிட்டார். கும்பகோணத்துக்கு அருகே உள்ள பூர்விக வீடு பூட்டிக் கிடந்தது. வைத்துக்கொள்வதா, விற்பதா என்று மகனைக் கேட்ட போதெல்லாம், "பார்க்கலாம் அம்மா" என்ற ஒரே பதில்தான் வந்தது. அவன் எனக்குப் பயணச் சீட்டு எடுத்து அனுப்பியபோது மாமியார் என்னை அழைத்து, "மாப்பிள்ளை, நீங்கள் நேரில் கேட்டு ஒரு வார்த்தை வாங்கி வாருங்கள். ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி" என்றார். அந்த வார்த்தையை வாங்குவதற்காகவே போனேன்.

பிராங்க்பர்ட் நகரில் விமானத்தை விட்டு இறங்கி, காசெல், கோட்டிங்கன், ஹில்டெஸ்ஹைம் வழியாக ரயிலில் சென்றேன். ஆங்கிலப் புத்தகங்கள் பிரன்ஸ்விக் என்று குறிக்கும் ஊரை அவ்வூரார் பிரவுன்ஷ்வைக் என்று சொல்லுகிறார்கள். ஓக்கர் என்னும் சிறு நதி நகரைச் சுற்றி ஓடுகிறது. நம் தொழிலுக்கு அவ்வூர் ஒரு புண்ணிய க்ஷேத்திரம் என்றே சொல்லலாம். ஜெர்மனியில் ஓர் அரசாங்கமே சொந்தமாக நடத்திய முதல் ரயில் பாதை, 1838 டிசம்பர் 1ஆம் தேதி இங்கிருந்து வுல்ஃபன்பியூட்டல் வரையில் திறக்கப்பட்டது. இப்போதுள்ள பிரதான ரயில் நிலையம் 1960இல் கட்டப்பட்டது. ஊருக்குள் ஓடும் டிராம் வண்டியின் பாதை அகலம் 1,100 மில்லிமீட்டர். நமது மீட்டர் கேஜை விட நான்கு விரற்கடை அகலமானது! இதை நான் சொன்னபோது மைத்துனன் சிரித்துவிட்டான். "அத்தான், எட்டு வருஷமாக ஏறி இறங்குகிறேன், எனக்குத் தெரியாது" என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் என்னைக் கோட்டைச் சதுக்கத்துக்கு அழைத்துச் சென்றான். ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் பெரிய தேவாலயம், நடுவே உயர்ந்த பீடத்தின் மேல் வாயைத் திறந்து கர்ஜிக்கும் வெண்கலச் சிங்கம். ஏறத்தாழ 1166இல் வார்க்கப்பட்ட உருவம் அது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே மத்திய காலத்தில் வார்க்கப்பட்டு இன்றும் நிலைத்திருக்கும் பெரிய தனிச் சிலைகளில் இதுவே மிகப் பழமையானது என்கிறார்கள். எடை ஏறத்தாழ 880 கிலோ. சதுக்கத்தில் இப்போது நிற்பது அதன் நகல். அசல் சிங்கத்தை மழைக்கும் புகைக்கும் அஞ்சிக் கோட்டைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். சிங்கத்தை நிறுவியவர் ஸாக்ஸனிக்கும் பவேரியாவுக்கும் பிரபுவாக விளங்கிய ஹென்ரி. உலகம் அவரைச் சிங்க ஹென்ரி என்று அழைக்கிறது.

அவர் பிறந்த வெல்ஃப் வமிசத்தின் கதையே விசித்திரமானது. 1055இல் மூன்றாம் வெல்ஃப் பிள்ளையின்றி இறந்தார்; ஆண் வழி அத்தோடு அற்றுப் போயிற்று. ஆனால் அவருடைய சகோதரி குனிகுண்டா இத்தாலியில் எஸ்தே பிரபுவான அஸ்ஸோவுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் வயிற்றுப் பிள்ளை மலை தாண்டி வந்து தாய்வழிச் சொத்தையும் தாய்வழிப் பெயரையும் ஏற்றுக்கொண்டான். நான்காம் வெல்ஃப் என்ற பெயரோடு 1070இல் பவேரியாவின் பிரபுவானான். ஆக, பின்னாளில் உலகெங்கும் கீர்த்தி பெற்ற அந்தக் குலம் ஒரு பெண்ணால் தழைத்தது; வேற்றூரிலிருந்து வந்த பிள்ளையால் நிலைத்தது.

நான்காம் வெல்ஃபின் மகன் கருப்பு ஹென்ரி. அவருடைய மகன் பெருமித ஹென்ரி. இந்தப் பெருமித ஹென்ரி, லோத்தர் சக்கரவர்த்தியின் மகள் கெர்ட்ரூடை மணந்தார். அவர்களுடைய பிள்ளையே நம் சிங்க ஹென்ரி. லோத்தர் மறைந்த பின், 1138இல் அரசுரிமை வேறு குலத்துக் கொன்ராடுக்குப் போயிற்று. புதிய அரசர் பெருமித ஹென்ரியின் இரு நாடுகளையும் பறித்தார். அடுத்த ஆண்டே தந்தை இறந்தார். பிள்ளைக்கு அப்போது வயது பத்து அளவில் இருக்கும். பாட்டியும் தாயும் அவன் உரிமைக்காகப் போராடினார்கள். 1142இல் ஸாக்ஸனி மீண்டது.

1152இல் பிரடெரிக் பார்பரோசா அரசரானார். இவருடைய தாய் யூடித், பெருமித ஹென்ரியின் உடன்பிறந்தவள். எனவே நம் முறைப்படி பார்பரோசா, சிங்க ஹென்ரிக்கு அத்தை மகன், அத்தான் முறை. அத்தானின் தயவால் 1156இல் பவேரியாவும் திரும்பக் கிடைத்தது. இருபது ஆண்டுகள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள்.

அக்காலத்தில் ஹென்ரி செய்த காரியங்களுள் ஒன்று சுங்கத்தைப் பற்றியது. ஈஸார் நதியில் ஃபெரிங் என்னுமிடத்தில் பிரைஸிங் பிஷப்புக்கு ஒரு பாலம் இருந்தது. உப்பு வண்டிகள் அதன் வழியே போகும். சுங்கம் பிஷப்புக்குச் சேரும். ஹென்ரி அந்தப் பாலத்தை அழித்துவிட்டு, நதியில் சற்று மேலே வேறு பாலம் அமைத்துச் சந்தையையும் அங்கே மாற்றினார். வழக்கு சக்கரவர்த்தியிடம் போயிற்று. 1158 ஜூன் 14ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் தீர்ப்பாயிற்று: புதுச் சந்தை இருக்கலாம், வருவாயில் மூன்றில் ஒரு பங்கு பிஷப்புக்குத் தர வேண்டும். அந்தச் சந்தைதான் இன்றைய மியூனிக் மாநகரம். மறு ஆண்டில், தீக்கிரையாகிக் கிடந்த லூபெக் துறைமுகத்தையும் அவர் மீண்டும் நிறுவினார்.

புகழை மட்டும் எழுதினால் நடுநிலை ஆகாது. எல்ப நதிக்குக் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவிய மக்கள்மேல் அவர் கொடிய போர்கள் தொடுத்தார். 1160இல் அவர்களுடைய தலைவர் நிக்லோட் கொல்லப்பட்டார். 1189இல் பார்டோவிக் என்ற செழிப்பான ஊரையே தரைமட்டமாக்கினார்.

1168இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்ரியின் மகள் மெட்டில்டாவை மணந்தார். 1172இல் ஜெருசலேமுக்கு யாத்திரை போய் வந்தார். திரும்பியதும், 1173இல், நான் கண்ட அந்தத் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார். அதற்கு மேல் சரிவு. 1176இல் இத்தாலியப் போருக்கு உதவி வேண்டி பார்பரோசா கியவென்னா என்ற ஊரில் ஹென்ரியிடம் மன்றாடினார். மண்டியிட்டார் என்றும் சில ஏடுகள் சொல்லுகின்றன. ஹென்ரி மறுத்தார். அவ்வாண்டே லென்யானோவில் சக்கரவர்த்தி தோற்றார். பிற பிரபுக்கள் ஹென்ரிமேல் வழக்குத் தொடுத்தார்கள். அழைத்தபோது அவர் சபைக்கு வரவில்லை. 1180இல் ஸாக்ஸனி துண்டாடப்பட்டது. பவேரியா விட்டெல்ஸ்பாக் குலத்துக்குப் போயிற்று. அக்குலம் 1918 வரை அதை ஆண்டது. 1181இல் எர்ஃபர்ட் நகரில் ஹென்ரி பணிந்தார். பிரன்ஸ்விக், லூனெபர்க் முதலிய சொந்த நிலங்கள் மட்டும் மிஞ்சின. மறு ஆண்டு மனைவி மக்களோடு நாடு கடந்து, மாமனார் ராஜ்யத்தில் அடைக்கலம் புகுந்தார்.

இவற்றையெல்லாம் கோட்டையில் வாங்கிய ஆங்கிலச் சிறு புத்தகத்திலிருந்து, சிங்கத்தின் எதிரே ஒரு பெஞ்சில் அமர்ந்து, மைத்துனனுக்கு நான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஹென்ரியின் சிற்றப்பா ஆறாம் வெல்ஃபின் கதை வந்தது.

ஆறாம் வெல்ஃபுக்கு ஒரே மகன். 1167இல் இத்தாலியில் பரவிய கொள்ளை நோயில் அவன் மாண்டான். வாரிசற்ற கிழவர், தெற்கே இருந்த குலத்தின் பூர்விக நிலங்களைத் தமையன் மகனாகிய ஹென்ரிக்கே தருவதாகச் சொல்லி, அதற்கு ஈடாகப் பணம் கேட்டார். ஹென்ரி சம்மதித்தார், ஆனால் பணத்தைக் கொடுக்காமல் நாளைக் கடத்தினார். கிழவர் எத்தனை நாள் இருக்கப் போகிறார் என்று எண்ணினார் போலும். கிழவர் 1191 வரை வாழ்ந்தார்! காத்துக் காத்துச் சலித்து, நிலங்களை அக்காள் மகனாகிய பார்பரோசாவுக்குக் கொடுத்துவிட்டார். வெல்ஃப் குலத்தின் ஆதி பூமி இவ்வாறு கைமாறியது. மறுத்ததால் போனதன்று, "பார்க்கலாம்" என்றதால் போனது.

நான் எதையும் உட்பொருளாகச் சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்ததைத்தான் படித்தேன். ஆனால் மைத்துனன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, "வாருங்கள் அத்தான், கோயிலைப் பார்த்துவிடலாம்" என்றான்.

1944 அக்டோபர் 15ஆம் தேதி விழுந்த குண்டுகளில் அந்நகரின் உட்பகுதி பெரும்பாலும் எரிந்து போயிற்று. தேவாலயம் தப்பியது. உள்ளே ஹென்ரியும் மெட்டில்டாவும் கல்லில் பக்கத்தில் பக்கமாகப் படுத்திருக்கிறார்கள். ஹென்ரியின் ஒரு கையில் அக்கோயிலின் சிறு உருவம், மறு கையில் வாள். மெட்டில்டாவின் கரங்கள் குவிந்திருக்கின்றன. அருகே ஆளுயரத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் ஓங்கி, ஏழு கிளைகளோடு நிற்கும் வெண்கல விளக்கு ஒன்று, எண்ணூறு ஆண்டுகளைக் கடந்தது. நாஜிகள் 1935இல் கல்லறையைத் தோண்டிப் பார்த்து, கோயிலைத் தங்கள் கட்சியின் பிரசாரக் கூடமாக்கினார்கள். ஹென்ரி கிழக்கே நாடு பிடித்தது அவர்களுக்கு உவப்பாக இருந்தது. இறந்தவரால் மறுத்துப் பேச முடியாதல்லவா? போருக்குப் பின் கோயில் மீண்டும் கோயிலாயிற்று.

வெளி வாயிலில் கல்லில் சில கீறல்கள் தெரிகின்றன. யாத்திரையில் ஹென்ரி ஒரு சிங்கத்தைப் பாம்பசுரனிடமிருந்து காப்பாற்றினாராம். அது அவர் பின்னாலேயே வந்துவிட்டதாம். அவர் இறந்ததும் கோயிலுக்குள் விடும்படி கதவருகே பிராண்டிய அடையாளமே இது என்று ஊரார் கதை சொல்லுகிறார்கள்.

கடைசிக் காலத்தில் அவர் பிரன்ஸ்விக்கில் அடங்கி வாழ்ந்தார். 1194இல் அவருடைய மூத்த மகன், பார்பரோசாவின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரருடைய மகளை மணந்தான். இரு குலங்களின் பகையும் சற்றுத் தணிந்தது. முதியவர் பழைய சரித்திர ஏடுகளைத் திரட்டி, உறக்கம் வராத இரவுகளில் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். 1195 ஆகஸ்டு 6ஆம் தேதி காலமானார். மகன் ஒட்டோ 1209இல் சக்கரவர்த்தியாக முடிசூடினான். அவனும் அதே கோயிலில் பெற்றோரருகே அடங்கியிருக்கிறான். குலம் நீடித்தது கடைசி மகன் வில்லியத்தால். குடும்பம் நாடு கடந்திருந்தபோது இங்கிலாந்தில் பிறந்த பிள்ளை அவன். அவன் மகன் ஒட்டோ 1235இல் பிரன்ஸ்விக்-லூனெபர்க் பிரபுவாக்கப்பட்டான். அந்த வழியில் வந்த ஹனோவர் ஜார்ஜ் 1714இல் இங்கிலாந்துக்கு அரசரானார். அவ்வழியில் வந்தவரே 1901இல் மறைந்த விக்டோரியா மகாராணி; 1876 முதல் இந்தியாவின் சக்கரவர்த்தினி என்ற பட்டமும் தரித்தவர்.

நாள்தோறும் காலையில் கல்யாணிலிருந்து மின்சார ரயிலேறி நான் இறங்கும் நிலையம், 1887 முதல் அவர் பெயரைத் தாங்கியிருந்தது. 1996இல் அது சத்ரபதி சிவாஜியின் பெயரைப் பெற்றது. அங்கே நிற்கும் வேளையில், அன்னியரின் பெயர் போனதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் அந்தப் பழைய பெயருக்குப் பின்னால், பத்து வயதில் தகப்பனை இழந்த ஒரு பிள்ளையும் அவனுக்காகப் போராடிய இரண்டு பெண்களும் நின்றார்கள் என்பதை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அன்றிரவு மைத்துனன் தானாகவே தொலைபேசியில் தாயை அழைத்தான். "அம்மா, அந்த வீட்டில் குடியிருக்க நான் வருவேன் என்று சொல்ல முடியாது. விற்றுவிடலாம். கையெழுத்துப் போடத் தை மாதம் வருகிறேன்" என்றான். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "இதைச் சொல்ல மூன்று வருஷமா அப்பா? நீ வருவாய் என்று நினைத்து வருஷா வருஷம் வெள்ளையடிக்கப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேனே" என்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோபம் இல்லை.

சொன்னபடி தை மாதத்தில் வந்தான். அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பமே வீட்டை வாங்கிக்கொண்டது. பத்திரம் எழுதுவதற்கு முந்தின நாள் தாயும் மகனும் மாலை முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மாமியார் கூடத்துக் குத்துவிளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில், உயரம் போதாத ஒரு மாடத்துக்குக் கீழே, தரையில் வைத்து அதை நாள்தோறும் ஏற்றுகிறார்.