வீட்டு அடுப்பும் கடைக் கல்லும்

புதுக்கோட்டை நகரோடு ஒட்டிக் கிடக்கும் திருக்கோகர்ணத்தில் ஒரு குடும்பத்தின் சாப்பாடு பெரும்பாலும் வீட்டு அடுப்பிலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. சில இரவுகளில் மட்டும் அது தெருமுனைப் பரோட்டாக் கடைக்குப் போகிறது. வீட்டில் பொங்கித் தின்பது ஒழுங்கு, கடையில் வாங்குவது சோம்பல் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வீட்டால் ஆகும் சமையல் வேறு, கடையால் ஆகும் சமையல் வேறு. இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன என்பதே உண்மை.

இந்தச் சாப்பாட்டின் அடியில் இருப்பது மானாவாரி மண். மாவட்டத்தின் கிழக்கே அறந்தாங்கிப் பக்கம் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வருகிறது. மற்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழையும், அது நிரப்பும் கண்மாய்களும், பின்னாளில் வந்த ஆழ்துளைக் கிணறுகளும்தான் விவசாயத்தைத் தாங்குகின்றன. மழை பொய்த்தால் நெல் இல்லை. அதனால் வரகும் கம்பும் கேழ்வரகும் சாமையும் அன்றாட உணவாக இருந்தன. நெல்லுச்சோறு பல வீடுகளில் நல்ல நாளுக்கு உரியது.

அரிசி எவ்வளவு அருமையாக இருந்தது என்பதற்குத் திருக்கோகர்ணமே சாட்சி. இங்குள்ள கோகர்ணேசுவரர் கோயிலின் பிரகதாம்பாள், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் அரசர்களின் குலதெய்வம். சமஸ்தானக் காலத்தில் நவராத்திரியின்போது அரசின் சார்பில் அரிசி தானம் நடக்கும். அரிசியோடு அம்மன் உருவம் பொறித்த சிறு செப்புக் காசும் கொடுப்பார்கள். அந்தக் காசால்தான் அம்மனுக்கு அரைக்காசு அம்மன் என்ற பெயர் வந்தது. பொருள் தொலைந்துபோனால் வெல்லத்தை வைத்து இந்த அம்மனை வேண்டிக்கொள்வதும், கிடைத்தபின் அந்த வெல்லத்திலேயே பாயசம் வைப்பதும் இன்றும் தமிழ்நாடு முழுக்கப் பல வீடுகளில் நடக்கிறது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அன்று அரசர் தானமாகக் கொடுத்த அரிசி, ரேஷன் கடையில் 2011 ஜூன் 1 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. நல்ல நாளுக்கென்று இருந்த சோறு மூன்று வேளைக்கும் வந்துவிட்டது. பசி குறைந்தது பெரிய காரியம். அதோடு வரகும் சாமையும் அடுப்படியை விட்டுப் போனது நட்டம்தான்.

சோறு மிஞ்சினால் இரவில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். காலையில் அது பழைய சோறு. இரவு முழுக்க லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் இலேசான புளிப்பு ஏறும். சின்ன வெங்காயமோ மோர் மிளகாயோ சுட்ட கருவாடோ துணைக்கு இருந்தால் போதும், உச்சிவெயில் வரை வயலில் நிற்கலாம். இந்த உணவைக் கடை விற்க முயன்றாலும் வீட்டுச் சுவை வருவதில்லை. முதல் நாள் சோறும் அதே வீட்டுப் பானையும் சேர்ந்து செய்வது அது.

இட்லியும் ஒரு ராத்திரி வேலைதான். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பொதுவான அளவு. வீட்டுக்கு வீடு அது கொஞ்சம் மாறும். உளுந்து மாவின் பசைத்தன்மை புளிக்கும்போது உண்டாகும் வாயுவைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் உளுந்து மட்டமாக இருந்தால் இட்லி கல்லாகிறது. ஆலங்குடி அருகே வம்பனில் உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட உளுந்து ரகங்கள் வம்பன் என்ற பெயரோடு தமிழகமெங்கும் விதைக்கப்படுகின்றன. திருக்கோகர்ணத்து இட்லிக்கும் சென்னை இட்லிக்கும் இந்த மாவட்டத்து ஆராய்ச்சி பொதுவானது. உள்ளூர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆட்டுக்கல்லில் பெண்கள் பல மணி நேரம் ஆட்டிய மாவை இன்று கிரைண்டர் ஆட்டுகிறது. அதுவும் முடியாத வீட்டுக்குத் தெருவில் மாவு பாக்கெட் இருக்கிறது. மாவு பாக்கெட்டைக் குறை சொல்கிறவர்களில் பலர் ஆட்டுக்கல்லின் குழவியைப் பிடித்தவர்கள் அல்லர்.

மதியம் சோறு, குழம்பு, ரசம், மோர், ஒரு வெஞ்சனம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளிலிருந்து கடல் மீன் வரும். கண்மாய் வற்றும் பருவத்தில் கெண்டையும் விராலும் கிடைக்கும். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். புளியும் காரமும் மீனுக்குள் இறங்க ஒரு ராத்திரி ஆகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் சாப்பாட்டில் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது. மதிய உணவு காமராசர் காலத்தில் தொடங்கி, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று எளிய உணவுதான். விடியற்காலையில் வேலைக்குப் போகும் தாய்க்கு அது ஒரு வேளைச் சமையலின் பாரத்தைக் குறைக்கிறது.

பொழுது சாய்ந்தால் டீக்கடையில் வடையும் பஜ்ஜியும். இருட்டியதும் பரோட்டாக் கடையின் கல் காயத் தொடங்கும். கடையால் மட்டுமே ஆகும் சமையல் இங்கேதான் நடக்கிறது. மைதாவை உப்பும் எண்ணெயும் தண்ணீரும் விட்டு நன்றாக அடித்துப் பிசைந்து ஊறவிடுகிறார்கள். உருண்டை பிடித்து மறுபடி எண்ணெயில் ஊற வைக்கிறார்கள். ஊறினால்தான் மாவிலுள்ள பசையம் தளர்ந்து, வீசும்போது கிழியாமல் விரியும். மாஸ்டர் அதைத் துணி போல வீசி, மடித்துச் சுருட்டி, தட்டிக் கல்லில் போடுகிறார். வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அடி வாங்கிய பரோட்டாதான் இதழ் இதழாகப் பிரியும். அகலமான கல்லும், சீரான தீயும், ஆண்டுக்கணக்கில் பழகிய கையும் இல்லாமல் இது வராது.

சால்னாவும் அப்படித்தான். சோம்பு, பட்டை, கிராம்பு, வெங்காயம், தக்காளி, அரைத்த தேங்காய் எல்லாம் பெரிய அண்டாவில் மணிக்கணக்கில் கொதித்தால்தான் அந்த மணம் வரும். நாலு பேருக்கு ஒரு சட்டியில் வைத்தால் குருமா ஆகுமே தவிர சால்னா ஆகாது. புதுக்கோட்டைக் கடைகளில் கேட்டுச் சாப்பிட வேண்டியது முட்டை மாஸ். அவித்த முட்டையை நறுக்கி, காரமான வெங்காய மசாலாவில் புரட்டித் தருவார்கள். பரோட்டாவுக்குச் சேரும், இட்லிக்கும் சேரும். மிஞ்சிய பரோட்டாவை முட்டையும் சால்னாவும் விட்டுக் கொத்தினால் கொத்துப் பரோட்டா. பழைய சோற்றைக் காப்பாற்றும் வீட்டுச் சிக்கனம் கடையில் எடுக்கும் வடிவம் இது.

அரிசி தின்னும் நாட்டில் கோதுமைக் கடை இப்படி வேரூன்றியது இங்கே மட்டும் நடந்ததல்ல. ஜப்பானில் ராமென் கடை இதற்கு நேர்ச்சோடி. சீனக் கோதுமை நூடுல்ஸிலிருந்து பிறந்தது ராமென். 1910-இல் தோக்கியோவின் அசகுசாவில் தொடங்கிய ராய்ராய்க்கென் கடை, யோகொஹாமாவின் சீனச் சமையல்காரர்களை வைத்து அதைப் பரப்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்தபோது ராமென் தெருத்தெருவாகப் பெருகியது. இந்தியாவுக்கும் 1956 முதல் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தின் கீழ் அமெரிக்கக் கோதுமை வந்தது. ராமெனின் உயிர் அதன் சாற்றில் இருக்கிறது. பன்றி எலும்பையோ கோழி எலும்பையோ பெரிய பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்க விட்டு எடுக்கும் சாறு அது. வீட்டில் அதற்கு இடமும் நேரமும் கிடையாது. அதனால் ஜப்பானியரும் அதைத் தேடித் தெருக் கடைக்கே போகிறார்கள். 1958-இல் மொமொஃபுகு ஆண்டோ உடனடி ராமெனைக் கொண்டுவந்த பின்பும் அந்தக் கடைகள் மூடப்படவில்லை. பாக்கெட்டால் பசியை ஆற்ற முடிந்தது, அண்டாவின் சாற்றைக் கொடுக்க முடியவில்லை.

பரோட்டாவைத் தினமும் தின்பது நல்லதல்ல. தவிடு நீக்கிய மாவும் எண்ணெயும் அளவோடு இருக்க வேண்டியவை. வாரத்தில் ஒரு ராத்திரி வீட்டு அடுப்புக்கு ஓய்வு கொடுக்க அது தாராளமாகத் தகும். பார்சல் வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தும், கொதிக்கும் சால்னா இன்னும் பல இடங்களில் பையில்தான் கட்டப்படுகிறது. பரோட்டாவுக்கு வாழை இலை போதும். சால்னாவுக்கு வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியைக் கையோடு கொண்டுபோங்கள்.