சின்னத் தறிப்பேட்டையும் பெர்முடாஸும்

சிந்தாதிரிப்பேட்டை என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மீன் மார்க்கெட், பக்கத்தில் ரிச்சி தெரு, அப்புறம் கூவம்... எனக்கும் அதுதான். ஆனால் இந்தப் பேட்டையே துணிக்காக உருவானது!

1734-ல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி கூவம் வளைவில் நெசவாளர்களைக் குடியேற்றியது. நூற்பவர், நெய்பவர், சாயம் போடுபவர், வெளுப்பவர் எல்லோரும் வந்தார்கள். 'சின்னத் தறிப்பேட்டை' என்பதுதான் வாய்வழக்கில் இப்படி மாறியதாம்.

மெட்ராஸ் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு ஊர் பெயரே ஒட்டிக்கொண்டது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நெய்தாலும் உலகத்துக்கு அது 'மெட்ராஸ்'தான். நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று சொல்லி விசேஷங்களுக்கு உடுத்துகிறார்கள்.

அதே துணி 1950-60களில் பீச்சுக்குப் போனது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் அரைக்கால் சட்டையிலிருந்து வந்த பெர்முடா டவுசர், கோடைச் சட்டை எல்லாம் மெட்ராஸ் கட்டத்தில் தைத்தார்கள். 1958-ல் கேரளத்துக்காரரான கிருஷ்ணன் நாயர் அமெரிக்க வியாபாரி ஒருவருக்கு விற்ற துணி, துவைத்ததும் சாயம் போய் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கடைசியில் "சாயம் போவதுதான் இதன் அழகு, ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம்" என்று விளம்பரம் செய்தே விற்றுவிட்டார்களாம். குறையையே பெருமையாக்கிய சாமர்த்தியம் :-)

இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது ஒரு கோபம். போன வருஷம் ஒரு பெரிய ஹோட்டலுக்கு தாத்தாவைக் கூட்டிப் போயிருந்தேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கைலி கட்டியிருந்தாராம். கண்ணாடிக்கு உள்ளே ஒரு வெளிநாட்டுக்காரர் கட்டம் போட்ட டவுசரோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. "வாடா, வீட்டுல தோசை ஊத்திக்கலாம்" என்று திரும்பி நடந்தார்.

இரண்டும் ஒரே குடும்பத்துத் துணி. முழங்காலோடு வெட்டித் தைத்தால் ரிசார்ட் ஃபேஷன், வெட்டாமல் சுற்றிக்கட்டினால் மரியாதைக் குறைவா?

அந்த ஹோட்டல்காரர்கள் மேல் மட்டும் எனக்குக் கோபமில்லை. நம்மில் எத்தனை பேர் கைலியோடு தெருமுனைக் கடைக்குப் போகக் கூச்சப்படுகிறோம்? கட்டத்துணியில் 'மெட்ராஸ்' என்று எழுதியிருந்தால் மட்டும் காசு கொடுத்து வாங்குகிறோம். முதலில் நம் வீட்டு வாசலில் இருந்து ஆரம்பிப்போமே!