டேர்போ சாகவில்லை

கடுகண்ணாவ ஏற்றத்தில் அக்சிலேட்டரை முழுசா மிதிச்சா, அப்பாவின் பழைய ஸ்டார்லட் ஜிடி டேர்போ சீறிப் பாயும். அடுத்த நொடி, பின்னாலிருந்து யாரோ இழுத்த மாதிரி வெட்டும். "டேர்போ போயிட்டுது, மாத்தணும்" என்றார்கள் ஒரு கராஜில். அவ்வளவு காசுக்கு எங்கே போறது? வந்த விலைக்கு வித்திடுவோம் என்றார் அப்பா.

எனக்கு ஒரு சந்தேகம். செத்த டேர்போ இப்படிச் சீறுமா? இங்கே பூஸ்ட் குறையவில்லையே, கூடுகிறதே! அளவு மீறினால் என்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே பெற்றோலை நிறுத்திவிடும். அந்த வெட்டு அதுதான். பூஸ்டை அடக்குவது வேஸ்ட்கேட். அழுத்தம் ஏறியதை அதற்குச் சொல்வது ஒரு சின்ன ரப்பர் குழாய்.

ஞாயிற்றுக்கிழமை பேராதனை வீட்டு முற்றத்தில் பொனட்டைத் திறந்தோம். வேஸ்ட்கேட் அக்சுவேட்டருக்குக் கைப்பம்பால் மெதுவாகக் காற்றடித்தேன். கம்பி நகர்ந்தது; அதில் பிழையில்லை. குழாயை வளைத்தேன். சூட்டில் காய்ந்து, கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது.

புதுக் குழாய் போட்டுத் திரும்பவும் கடுகண்ணாவ. பூஸ்ட் முள் ஏறி, ஓரிடத்தில் நின்றது. வெட்டவேயில்லை.

கூடுதா, குறையுதா என்று முதலில் பாருங்க. காசு பிறகு.

திரும்பி வரும்போது விற்கிற கதையை அப்பா எடுக்கவேயில்லை.